புளிப்பு ஆகாத கற்கள்: கார்பனேட் கனிமம் சேர்க்க இறங்குபவர்களுக்கு

நவரத்தினம் ஒன்பதில் இரண்டு, மண்ணுக்குள்ளிருந்து வருவதில்லை. முத்தும் பவளமும் கடலுயிர்கள் கட்டியவை. இரண்டுமே கால்சியம் கார்பனேட். முத்தில் அது அரகோனைட் என்ற படிக வடிவில் இருக்கிறது, பவளத்தில் கால்சைட் என்ற வடிவில். ஆகவே தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ லெனேசியாவிலோ ஒரு தமிழ் வீட்டில் பாட்டியின் பவள மோதிரமும் பூஜை அறைச் சங்கும் இருந்தால், கார்பனேட் சேகரிப்பு அங்கே எப்போதோ தொடங்கிவிட்டது. வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவையும் கணக்கில் சேர்க்கலாம். மூடாமல் விட்டால் சுண்ணாம்பின் மேல் ஏடு கட்டி இறுகுகிறதே, அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மறுபடி கால்சைட்டாக மாறுவதுதான்.

இந்தக் குடும்பத்துக் கற்களுக்கெல்லாம் பொதுவான பலவீனம் ஒன்று உண்டு: புளிப்பு ஆகாது. அமிலம் பட்டால் கார்பனேட் உடைந்து, கரியமில வாயு நுரையாக வெளியேறும். கல்லை அடையாளம் காண்பதும், கழுவுவதும், எங்கே வைப்பது என்று முடிவு செய்வதும் இதை ஒட்டியே வரும். இரண்டாவது பலவீனம் மென்மை. கடினத்தை 1 முதல் 10 வரை காட்டும் மோஸ் அளவில் பெரும்பாலானவை 3-இலிருந்து 4.5-க்குள் நிற்கும். சாதாரண எஃகு ஆணி எல்லாவற்றையும் கீறிவிடும்.

முதலில் வாங்க வேண்டியவை

கல் வாங்கும் முன் கருவி வாங்குங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று, 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு, தையல் நூல், எஃகு ஆணி, மிக மெல்லிய பல் துலக்கி, சொட்டு விடும் சிறு போத்தல், வெள்ளை வினிகர், பேக்கிங் சோடா. புற ஊதா டார்ச் வாங்குவதானால் 365 நானோமீட்டர் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் 395 நானோமீட்டர் டார்ச் ஊதா வெளிச்சத்தையே அதிகம் கொட்டும். கல் ஒளிர்கிறதா, வெளிச்சம் பட்டுத் தெறிக்கிறதா என்று தெரியாது.

முதல் கல்லாகத் தெளிவான கால்சைட் துண்டு ஒன்றை எடுங்கள். கண்ணாடிபோல இருக்கும், விலை குறைவு, கற்றுத்தருவது ஏராளம். அச்சிட்ட தாளில் ‘ழ’ என்ற எழுத்தின் மேல் அதை வைத்தால் இரண்டு ‘ழ’ தெரியும். கல்லை மெல்லச் சுழற்றினால் ஒரு ‘ழ’ அசையாமல் நிற்க, மற்றொன்று அதைச் சுற்றி வரும். 2 செ.மீ. தடிமனுள்ள துண்டில் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 2 மி.மீ. விலகல் இருக்கும். 1669-இல் ராஸ்முஸ் பார்த்தோலின் என்ற டேனிஷ் அறிஞர் ஐஸ்லாந்திலிருந்து வந்த கால்சைட்டில் இதைப் பார்த்து எழுதினார். ஒளியின் இரட்டை விலகலைப் பற்றிய ஆராய்ச்சி அங்கிருந்துதான் புறப்பட்டது. கண்ணாடியால் இந்த வேலையைச் செய்ய முடியாது. எனவே ‘ழ’ இரட்டிக்காத தெளிவான துண்டை யாராவது கால்சைட் என்று கொடுத்தால், பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

அதே துண்டின் முகங்களைக் கவனியுங்கள். சாய்ந்த பெட்டிபோல, மூலைகள் ஏறக்குறைய 78, 102 பாகைகளில் இருக்கும். கால்சைட் மூன்று திசைகளில் கச்சிதமாகப் பிளக்கும். கீழே விழுந்தால் பெரிய சாய்ந்த பெட்டி பல சிறிய சாய்ந்த பெட்டிகளாகும். டைல்ஸ் தரைக்கு மேலே கையில் பிடித்துக் காட்டாதீர்கள். மேசையில் துணி விரித்து, அதன்மேல் காட்டுங்கள்.

எடை பார்த்துக் கண்டுபிடிப்பது

நிறத்தை நம்பி யாரும் கார்பனேட்டை அடையாளம் காண முடியாது. துத்தநாகக் கார்பனேட்டான ஸ்மித்சோனைட் ஒன்றே வெள்ளை, நீலம், பச்சை, இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று எல்லா வேடமும் போடும். எடைதான் நம்பகமான சாட்சி. அதைப் பார்க்கும் முறை இது:

கல்லைக் காயவைத்து எடை போடுங்கள். தராசின் மேல் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். கல்லை நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி, ஆனால் அடியையோ பக்கத்தையோ தொடாதபடி தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுங்கள். கல் தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு கனம் என்பதுதான் விடை. உலர்ந்த எடை 65 கிராம், தொங்கும்போது காட்டுவது 24 கிராம் என்றால் விடை 2.71. அது கால்சைட்.

அரகோனைட்டுக்கு 2.94 அளவில் வரும், டோலமைட்டுக்கு 2.85, ரோடோக்ரோசைட்டுக்கு 3.7, செம்புக் கார்பனேட்டான மலகைட்டுக்கு 3.6 முதல் 4.05 வரை, ஸ்மித்சோனைட்டுக்கு 4.4. செருசைட் ஈயக் கார்பனேட், அதற்கு 6.5-க்கு மேல். கையில் எடுத்ததுமே ‘இத்தனூண்டு கல்லுக்கு இவ்வளவு கனமா’ என்று தோன்றினால் செருசைட்டைச் சந்தேகிக்கலாம்.

கணக்கு தப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் கல்லில் ஒட்டிய காற்றுக் குமிழிகள். அவை இருந்தால் விடை குறைவாக வரும். ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து, நூலை லேசாக ஆட்டிக் குமிழிகளை விடுவியுங்கள். தாய்ப்பாறையோடு ஒட்டிய மாதிரியில் இந்தச் சோதனை பயன்படாது. பாறைக்கும் படிகத்துக்கும் சேர்த்துச் சராசரி ஒன்று வரும், அது எதையும் சொல்லாது. 5 கிராமுக்குக் குறைந்த கல்லிலும் 0.1 கிராம் தராசின் தடுமாற்றம் விடையைக் கெடுத்துவிடும்.

அமிலச் சொட்டு

எடை பார்த்தும் ஐயம் தீராவிட்டால்தான் அமிலம். அதுவும் கல்லின் பின்பக்கத்தில், கண்ணில் படாத மூலையில், ஒரே ஒரு சொட்டு. நகையில் பதித்த முத்து, பவளம், மலகைட் எதிலும் வேண்டவே வேண்டாம். நுரைக்கும், ஆமாம், அதோடு பளபளப்பும் போகும்.

வினிகர் போதுமா என்று பலர் கேட்பார்கள். கால்சைட்டுக்குப் போதும், ஆனால் மெதுவாக. சொட்டு விட்டு ஒரு நிமிடம் பொறுத்து லூப்பில் பாருங்கள். சிறு குமிழிகள் எழும். டோலமைட்டில் வினிகர் கிட்டத்தட்டச் சும்மா கிடக்கும். இரண்டையும் பிரிக்கச் சற்று வலுவான ஹைட்ரோகுளோரிக் அமிலம் தேவை. தென்னாப்பிரிக்காவில் நீச்சல்குளத்துக்கு விற்கிறார்களே அந்த அமிலமே இது, பொதுவாக 30 விழுக்காட்டுக்குச் சற்று மேல். மூன்று பங்கு தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் ஒரு பங்கு அமிலத்தை மெல்லச் சேர்த்தால் ஏறக்குறைய 9 விழுக்காடு கிடைக்கும். வரிசை மாறக் கூடாது: தண்ணீரில் அமிலம். அமிலத்தில் தண்ணீர் ஊற்றினால் சூடேறித் தெறிக்கும். வீட்டுக்கு வெளியே, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, கையுறையோடு செய்யுங்கள். குளத்துக் குளோரின் தூளை அமிலத்தின் பக்கத்தில் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், அது உயிரைப் பறிக்கும்.

சொட்டு விழுந்ததும் கால்சைட்டும் அரகோனைட்டும் சீறும். டோலமைட்டின் முழுக்கல் பேசாமல் இருக்கும். ஆணியால் சுரண்டிப் பொடியாக்கி அந்தப் பொடியில் விட்டால் நுரைக்கும். மேக்னசைட்டும் (மக்னீசியக் கார்பனேட்) சிடரைட்டும் (இரும்புக் கார்பனேட்) குளிர்ந்த அமிலத்தில் அடங்கியே இருக்கும், சூடான அமிலம் கேட்கும். சூடான அமிலத்தை வீட்டில் முயல வேண்டாம். மலகைட் நுரைத்துச் சொட்டைப் பச்சையாக்கும். பார்த்து முடித்ததும் துடைத்து, பேக்கிங் சோடா கலந்த நீரால் கழுவி, பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

இந்தச் சோதனையில் ஏமாறுவது எளிது. குவார்ட்ஸ் கல்லின் விரிசலில் மெல்லிய கால்சைட் படலம் இருந்தால் குவார்ட்ஸே நுரைப்பதுபோல் தோன்றும். லூப்பில் குமிழி எங்கிருந்து எழுகிறது என்று பாருங்கள். இன்னொன்று: மீதி அமிலத்தைக் கல் வைத்திருக்கும் அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் ஆவி கசியும். சில மாதங்களில் படிக முகங்கள் மங்கிப்போகும்.

தென்னாப்பிரிக்காவில் என்ன, எங்கே

நார்தர்ன் கேப்பில், குருமானுக்கு வடக்கே, காலஹாரி மாங்கனீசு வயல் இருக்கிறது. ஹோட்டாசெல் என்ற ஊரின் பெயரே ‘நரகம்போல் சூடு’ என்ற ஆங்கிலத் தொடரைச் சேர்த்துச் சொன்னதுதான். அங்கே ஹோட்டாசெல், என்ச்வானிங் சுரங்கங்களில் 1970களில் கிடைத்த ரோடோக்ரோசைட், மாங்கனீசுக் கார்பனேட், உலகச் சேகரிப்பாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த சரக்கு. நாய்ப்பல்போலக் கூர்ந்த, ரத்தச் சிவப்புப் படிகங்கள். அவை பெரும்பாலும் அந்தக் காலத்துக் கண்டெடுப்பு என்பதால் இன்று விலை ஏறிக் கிடக்கிறது; புதியவர்கள் அதை ஆசையோடு பார்த்துவிட்டு நகர்வது நல்லது. அதே வயலின் கால்சைட், வெளிர் இளஞ்சிவப்புக் குட்னஹோரைட் உருண்டைகள் ஆகியவை கைக்கு எட்டும். சுரங்கங்களுக்குள் பொதுமக்கள் போக முடியாது. எல்லாம் வியாபாரிகள் வழியாகத்தான்.

நமீபியாவின் சுமெப் சுரங்கம் 1996-இல் மூடப்பட்டது. அசுரைட்டின் நீலம் பாதியில் மலகைட்டின் பச்சையாக மாறி நிற்கும் படிகங்கள், பனிப்பூப்போலப் பின்னிய செருசைட், கோபால்ட் சேர்ந்து இளஞ்சிவப்பான ஸ்மித்சோனைட் எல்லாம் அங்கிருந்து வந்தவை. ஸ்மித்சோனைட்டின் பெயர் ஜேம்ஸ் ஸ்மித்சன் என்ற வேதியியலாளருடையது. வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனம் அவர் விட்டுச்சென்ற செல்வத்தில் எழுந்தது.

டர்பன்காரர்களுக்கு அருகிலிருப்பது போர்ட் ஷெப்ஸ்டோனுக்குப் பக்கத்தில் உள்ள மார்பிள் டெல்டா. கால்சைட்டும் டோலமைட்டும் கலந்த சலவைக்கல் மலைகள் அவை. படிகங்கள் கண்ணைப் பறிக்காது, ஆனால் மேலே சொன்ன அமிலச் சோதனையைப் பழக இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஜோகன்னஸ்பர்க்காரர்கள் அலையவே வேண்டாம். லெனேசியாவின் சில பகுதிகள் டோலமைட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. மழைநீர் கரியமில வாயுவைக் கரைத்து மெல்லிய அமிலமாகி, அந்தப் பாறையை உள்ளே அரித்துக் குகையாக்குவதால்தான் ஹௌட்டெங் மாகாணத்தில் நிலம் திடீரென்று உள்வாங்குகிறது. 1962-இல் வெஸ்ட் ட்ரீஃபோன்டெய்ன் சுரங்கத்தின் கல்லுடைக்கும் ஆலை அப்படியே புதைந்து 29 பேர் இறந்தார்கள். வினிகர் சொட்டில் லூப் வழியாகப் பார்க்கும் அதே வேலை, அளவுதான் வேறு.

வழியில் கண்ட கல்லையெல்லாம் பையில் போட்டுக்கொள்ள முடியாது. 2002-ஆம் ஆண்டின் கனிமச் சட்டப்படி கனிமங்கள் நாட்டு மக்களுடைய பொதுச் சொத்து, அரசு அதன் காவலர். கல்குவாரியில் மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, தலைக்கவசமும் கெட்டிக் காலணியும் அணிந்து போங்கள். காங்கோ குகைகள், ஸ்டெர்க்ஃபோன்டெய்ன் போன்ற இடங்களில் தொங்கும் சுண்ணாம்புத் தூண்களைத் தொடவும் கூடாது. கையின் எண்ணெய்ப் பசையே அவை வளர்வதைக் கெடுக்கும். அரிய மாதிரியை ஊருக்கோ வெளிநாட்டுக்கோ எடுத்துப்போக நினைத்தால் முதலில் தேசிய மரபுவள நிறுவனத்திடம் கேளுங்கள். 1999-ஆம் ஆண்டின் மரபுவளச் சட்டம் அரிய நிலவியல் மாதிரிகளையும் தொடுகிறது.

சந்தையில் ஏமாறாமல்

கைவினைச் சந்தைகளில் அதிகம் விற்பது காங்கோ நாட்டிலிருந்து வரும் மலகைட்: யானை, முட்டை, மணிமாலை. போலியும் அதில்தான் அதிகம். நிஜ மலகைட்டின் பட்டைகள் இளம்பச்சையிலிருந்து கரும்பச்சைவரை அகலம் மாறி மாறி ஓடும், ஒன்றுபோல இன்னொன்று இராது. பிளாஸ்டிக்கில் பட்டைகள் ஒரே அளவில் திரும்பத் திரும்ப வரும், நடுவே கறுப்புக் கோடு தெரியும். கையில் எடுத்தால் நிஜம் கனமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும். மலகைட் பொடியைப் பிசினில் குழைத்து வார்த்ததும் உண்டு. அது கையில் ஓரளவு கனக்கும்; ஆனால் தொங்கவிட்டு எடை பார்த்தால் 3.6-க்குக் கீழே நின்றுவிடும்.

டர்க்காய்ஸ் (பேரோஜா) கல்போல விற்கப்படும் நீல மேக்னசைட் அநேகமாகச் சாயம் ஏற்றியது. நகப்பூச்சு அகற்றும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டு அடிப்பக்கம் தேய்த்தால் பஞ்சு நீலமாகும். விரிசல்களில் நிறம் தேங்கி நிற்பதும் சாயத்தின் அடையாளம். ‘பாகிஸ்தான் ஓனிக்ஸ்’, ‘மெக்சிகோ ஓனிக்ஸ்’ என்ற பச்சைப் பட்டைக் கிண்ணங்கள் உண்மையில் கால்சைட். நிஜ ஓனிக்ஸை ஆணி கீறாது, இதைக் கீறும். ஆரஞ்சுக் கால்சைட் கட்டிகள் ஈரமாக, மெழுகு பூசியதுபோல மின்னினால் அவற்றை அமிலத்தில் முக்கி எடுத்திருக்கிறார்கள். கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் அது இயற்கைப் படிக முகம் என்று விலை கொடுக்காதீர்கள். தாய்ப்பாறையில் நிற்கும் படிகத்தைப் புற ஊதா டார்ச்சில் பாருங்கள். அடியில் நீலவெண்மைக் கோடு ஒளிர்ந்தால் பசை போட்டு ஒட்டியிருக்கலாம். ஒட்டியது குற்றமில்லை, சொல்லாமல் விற்பதுதான் குற்றம்.

கழுவுவது, வைப்பது

தமிழ் வீடுகளில் கார்பனேட் கற்கள் கெடுவது பெரும்பாலும் பாசத்தால்தான். குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்க்கிற கை, பக்கத்திலிருக்கும் மலகைட் யானையையும் எடுத்துத் தேய்த்துவிடும். புளியிலிருப்பது டார்டாரிக் அமிலம். யானையின் பளபளப்பு ஒரே வெள்ளிக்கிழமையில் போய்விடும். பித்தளை துலக்கும் திரவத்திலுள்ள அம்மோனியாவும் செம்புக் கார்பனேட்டுக்குப் பகை.

அடுத்தது அபிஷேகம். தமிழகத்துக் கோயில் மூலவர்கள் பெரும்பாலும் கருங்கல்லில் செய்தவர்கள். தயிரும் எலுமிச்சையும் பஞ்சாமிருதமும் நூற்றாண்டுக்கணக்கில் பட்டாலும் கருங்கல் தாங்கும். வீட்டில் வாங்கி வைக்கும் வெள்ளைச் சலவைக்கல் பிள்ளையார் கால்சைட். தயிரின் லாக்டிக் அமிலமும் எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் அவர் முகத்தைச் சொரசொரப்பாக்கும். அந்தச் சொரசொரப்பில் மஞ்சளும் சந்தனமும் பிடித்துக்கொண்டு பிறகு போகவே போகாது. சலவைக்கல் மூர்த்திக்குத் தண்ணீர் அபிஷேகம் செய்து உடனே துடைத்துவிடுங்கள். தயிரபிஷேகம் வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு சிறிய கருங்கல் லிங்கம் வைத்துக்கொள்ளலாம்.

மாதிரிக் கற்களுக்கு அறைச் சூட்டிலுள்ள தண்ணீர், ஒரு சொட்டுச் சோப்பு, மெல்லிய துலக்கி போதும். கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரில் அலசி நிழலில் காயவையுங்கள். குழாய்நீர் காய்ந்தால் அதுவே வெள்ளைப் புள்ளி விடும். வெந்நீர் கூடாது. செருசைட் சட்டென்று மாறும் வெப்பத்தில் விரிசல் விடும். அதிர்வலைத் தொட்டிகளும் வேண்டாம், பிளவுகள் வழியாகக் கல் பிரிந்துவிடும். குவார்ட்ஸிலுள்ள துருக்கறையை நீக்க ஆக்சாலிக் அமிலம் சொல்வார்கள். அதைக் கால்சைட்டில் போட்டால் துரு போகிறதோ இல்லையோ, வெள்ளைப் படலம் ஒன்று வந்து உட்காரும். பஞ்சில் பொதியாதீர்கள். அசுரைட், மலகைட் ஊசிகளில் பஞ்சிழை சிக்கினால் எடுக்கும்போது ஊசியும் சேர்ந்து வரும். மெல்லிய டிஷ்யூ தாள் நல்லது.

டர்பனின் ஈரக்காற்று நேரடியாகக் கார்பனேட்டை ஒன்றும் செய்யாது. கூட இருப்பவைதான் கெடுக்கும். பைரைட் ஈரத்தில் சிதைந்து கந்தக அமிலத்தைக் கசியவிடும். அதே பெட்டியிலிருக்கும் கால்சைட் அரிபடும். ஓக் மரமும் புதிய பிளைவுட்டும் அசிட்டிக் ஆவி விடும். மூடிய இழுப்பறையில் சங்கு, சிப்பி, அரகோனைட் மேல் வெள்ளைப் பொடி பூக்கும். அருங்காட்சியகக்காரர்கள் இதற்கு ‘பைன் நோய்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள் (Byne என்பவரின் பெயரால் வந்தது, பைன் மரம் அல்ல). எஃகு அலமாரி அல்லது பிளாஸ்டிக் பெட்டி போதும். ரோடோக்ரோசைட்டையும் அசுரைட்டையும் வெயில் படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சீட்டு: கனிமத்தின் பெயர், சுரங்கம், ஊர், மாகாணம், வாங்கிய நாள், யாரிடமிருந்து, எடைச் சோதனையின் விடை. ‘ஆப்பிரிக்கா’ என்று மட்டும் எழுதிய சீட்டு இருந்தும் பயனில்லை. கல்லோடு வந்த பழைய சீட்டு கிழிந்திருந்தாலும் கூடவே வையுங்கள். கல்லின் அடியில் வெள்ளை நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்து, காய்ந்ததும் எண்ணை எழுதிவிட்டால் சீட்டும் கல்லும் பிரியாது.

நம்பிக்கைகள், நச்சு

மலகைட் குழந்தைகளைக் காக்கும் தாயத்து என்று முதல் நூற்றாண்டு ரோமானியர் பிளினி எழுதியிருக்கிறார். எகிப்தியர் அதைப் பொடியாக்கிக் கண்ணுக்கு மையிட்டார்கள். நம் வீட்டில் குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைப்பதற்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை. அர்ஜென்டினாவில் ரோடோக்ரோசைட்டுக்கு ‘இன்காக்களின் ரோஜா’ என்று பெயர். செவ்வாய்க்குப் பவளம், சந்திரனுக்கு முத்து என்று சோதிடர் சொல்வதை அணிபவர்கள் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: வியர்வையும் வாசனைத் திரவியமும் இரண்டையும் மெல்லத் தின்னும். குளிக்கும்போதும் சமைக்கும்போதும் கழற்றி வையுங்கள், எலுமிச்சை பிழியும் நாளில் கட்டாயம்.

கல்லைப் போட்டு ஊறவைத்த தண்ணீரைக் குடித்தால் நல்லது என்று விற்கும் போத்தல்களைத் தொடாதீர்கள். மலகைட்டும் அசுரைட்டும் செம்பு, செருசைட் ஈயம். பேரியம் கார்பனேட்டான விதரைட் எலிக்கொல்லியாகப் பயன்பட்டது. மலகைட்டை அறுப்பதோ தேய்ப்பதோ ஈரமாக, முகமூடியோடு மட்டும். செருசைட்டைத் தொட்டபின் கை கழுவாமல் பிள்ளைக்குச் சோறு ஊட்டாதீர்கள்.